480 வோல்ட் இயந்திரமும் எர்த் கோளாறும்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுவது எப்படி

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, காமாட்சிபாளையா பக்கத்துப் பட்டறைகளுக்கு அமெரிக்காவில் ஓடிய பழைய இயந்திரங்கள் வந்து இறங்குவதுண்டு. பெயர்ப்பலகையில் 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். நம் சுவரில் வருவது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நடுவில் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரை வைக்கிறோம். மீட்டர் 480 காட்டுகிறது, இயந்திரம் ஓடுகிறது, எல்லோரும் கை குலுக்கிப் பிரிகிறார்கள். கோளாறு பிறகுதான் தலைகாட்டுகிறது: தொட்டால் சுருக்கென்கிறது, டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) காரணமில்லாமல் நிற்கிறது, ஃபேஸ் கம்பி பாடியில், அதாவது இயந்திரத்தின் இரும்பு உடலில் பட்டும் பிரேக்கர் விழவில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்று, அதாவது 480 வோல்ட் வெளியேறும் பக்கத்துச் சுருள், ஒரு புதிய மின்மூலம். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை மின்வாரியம் அங்கே எர்த் செய்திருக்கும். ஆனால் சுற்றுகள் தனித்தனியாக இருக்கும் டிரான்ஸ்பார்மரைத் தாண்டி அந்த இணைப்பு நம் பக்கம் வராது. புதிய மூலத்துக்கு நாமே எர்த் உறவை ஏற்படுத்தித் தர வேண்டும். “இயந்திரத்துக்கு நியூட்ரல் தேவையில்லை, மூன்று ஃபேஸ் போதும், ஆகவே ஸ்டார் பாயிண்டை டேப் சுற்றி விட்டுவிடு” என்று சொல்லும் வழக்கம் ஆபத்தானது. ஸ்டார் பாயிண்ட் என்பது மூன்று ஃபேஸ் சுருள்களும் ஒன்றுசேரும் நடுப்புள்ளி. சுமைக்கு நியூட்ரல் தேவைப்படாவிட்டாலும் பாதுகாப்புக்கு ஸ்டார் பாயிண்ட் தேவை.

இந்த வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. பட்டறை உரிமையாளர் இதைப் படித்துவிட்டுச் சரியான கேள்வி கேட்டால் போதும், பேனலைத் திறக்க வேண்டாம். திறப்பவர் 415 வோல்ட் உள்வரும் பக்கத்து ஐசோலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் டி.சி. மின்தேக்கிகள் 680 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். அணைத்த பிறகும் டிரைவின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

அறிகுறிக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில், இருப்பது எந்த வகை டிரான்ஸ்பார்மர்? மின்சாரத்தைத் துண்டித்து, இரு பக்கக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, முதல் சுற்று முனைக்கும் இரண்டாம் சுற்று முனைக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். தொடர்பு இருந்தால் அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். விலை குறைவு என்று எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலிருந்து வாங்கி வருபவற்றில் இந்த வகையும் இருக்கும். அதில் தனி இரண்டாம் சுற்று என்று ஒன்று இல்லை. எர்த் உறவு மின்வாரியப் பக்கத்திலிருந்தே வந்துவிடும், அதன் ஸ்டார் பாயிண்டைப் புதிதாக எர்த்தில் கட்டக் கூடாது. கீழே சொல்லும் பெரும்பாலான தீர்வுகள் சுற்றுகள் பிரிந்த டிரான்ஸ்பார்மருக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்து, சுற்றுகளின் அமைப்பு. நமக்கு வேண்டியது 415 பக்கம் டெல்டா (சுருள்கள் முக்கோணமாக இணைந்தது), 480 பக்கம் ஸ்டார் (சுருள்களின் ஒரு முனை நடுவில் சேர்ந்தது), ஸ்டார் பாயிண்ட் வெளியே முனையாக வந்திருக்க வேண்டும். யாரோ ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டிருந்தால் 480 பக்கம் டெல்டாவாக இருக்கும், அங்கே எர்த் செய்ய நடுப்புள்ளியே இருக்காது.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும்: 480 உண்மையிலேயே தேவையா? இயந்திரத்தில் இருப்பது நேரடியாக லைனில் ஓடும் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் மட்டும் என்றால், 60 ஹெர்ட்ஸில் 480 என்பது 50 ஹெர்ட்ஸில் 400 வோல்ட்டுக்குச் சமம். வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் இரண்டிலும் 8 வரும். நம் 415 அதற்கு வெகு அருகில் இருக்கிறது. வேகம் ஆறில் ஐந்து பங்காகும், அவ்வளவுதான். அந்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 480 கொடுத்தால் இரும்புக்குள் காந்தப்புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடி மோட்டார் கொதிக்கும். டிரைவ், சர்வோ, மின்னணு மின்வழங்கி ஆகியவை இருந்தால்தான் ஸ்டெப்-அப் பேச்சு. தேவையில்லாத டிரான்ஸ்பார்மருக்கு எர்த் தேடி அலைபவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை, அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அறிகுறி: ஃபேஸ்களுக்கு இடையே 480 சரியாக இருக்கிறது, ஃபேஸுக்கும் பாடிக்கும் இடையே மூன்றும் மூன்று விதம்

மூன்று ஃபேஸும் பாடியுடன் சுமார் 277 காட்ட வேண்டும். 210, 300, 330 என்பது போல் ஒழுங்கின்றி வந்து, மீட்டர் முனையை எடுத்து வைக்கும்போதெல்லாம் மாறினால், இரண்டாம் சுற்று எதனுடனும் கட்டப்படாமல் மிதக்கிறது. கேபிள்களுக்கும் பாடிக்கும் இடையே உள்ள மின்தேக்கம்தான் அந்த எண்களைக் காட்டுகிறது. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை மிக அதிகம் என்பதால் அற்ப மின்னோட்டத்தையும் அது பெரிய வோல்ட்டாகக் காட்டிவிடும். ஒரே வாட் அளவுள்ள இரண்டு 240 வோல்ட் குண்டு பல்புகளைத் தொடராகக் கட்டி, ஃபேஸுக்கும் பாடிக்கும் இடையே வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். மிதக்கும் சுற்றில் பல்பு மங்கிப்போகும் அல்லது எரியவே எரியாது.

ஒரு எச்சரிக்கை. மூன்றும் 277 காட்டிவிட்டால் எர்த் இருக்கிறது என்று பொருளல்ல. கேபிள் மின்தேக்கம் சமமாக இருந்தால் மிதக்கும் சுற்றும் அழகாக 277, 277, 277 காட்டும். மின்சாரத்தை அணைத்து, ஸ்டார் பாயிண்ட் முனைக்கும் இயந்திர பாடிக்கும் இடையே ஓம் அளப்பதுதான் சான்று.

பூஜ்யம், 480, 480 என்று வந்தால் ஒரு ஃபேஸ் ஏற்கெனவே எங்கோ பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மிதக்கும் சுற்றில் முதல் பழுது சத்தமில்லாமல் வந்து உட்காரும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டு ஃபேஸ்களின் காப்பு, 277 தாங்க வேண்டிய இடத்தில் 480 தாங்கித் தேயும். அடுத்த பழுது இன்னொரு ஃபேஸில் வந்தால் அது பாடி வழியாக நேரடி ஷார்ட். மெகரை (காப்பின் தடையை அளக்கும் கருவி) எடுத்து, டிரைவ்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு கேபிளாக, மோட்டாராகச் சோதியுங்கள். பழுதை நீக்கிய பிறகே ஸ்டார் பாயிண்டைக் கட்ட வேண்டும்.

தீர்வு: ஸ்டார் பாயிண்டிலிருந்து ஒரு செம்புக் கம்பியை, டிரான்ஸ்பார்மர் முனையிலோ அதை அடுத்த முதல் ஐசோலேட்டர் பெட்டியிலோ, எர்த் பாருக்கு (எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) இணைக்க வேண்டும். இரண்டில் ஓர் இடத்தில் மட்டும். அதே பாரில் டிரான்ஸ்பார்மரின் இரும்புச் சட்டம், இயந்திரத்துக்குப் போகும் எர்த் கம்பி, எர்த் குழிகளிலிருந்து வரும் பட்டைகள், மெயின் போர்டிலிருந்து வரும் எர்த் எல்லாம் சேர வேண்டும். ஃபேஸ் கம்பி 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால் எர்த் கம்பியும் அதே அளவு. 35 வரை 16 போதும், அதற்கு மேல் பாதி. லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். பெயிண்டின் மேல் முறுக்கிய போல்ட் எர்த் ஆகாது.

இரண்டாம் சுற்று டெல்டாவாக இருந்தால், எதோ ஒரு முனையைப் பிடித்து எர்த்தில் கட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு முறை உண்டு, ஆனால் பல டிரைவ்கள் அதை ஏற்காது. என் கருத்தில், டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து டெல்டா-ஸ்டாராக மாற்றி வாங்குவதே நல்லது.

அறிகுறி: பாடியைத் தொட்டால் சுருக்கென்கிறது, டெஸ்டர் எரிகிறது

டிரைவ்களிலும் மின்வழங்கிகளிலும் உள்ள வடிகட்டிகள், ஒவ்வொரு ஃபேஸிலிருந்தும் பாடிக்குச் சிறு மின்தேக்கிகளை வைத்திருக்கும். பாடி எர்த்தோடு உறுதியாக இணைந்திருந்தால் அந்தக் கசிவு கம்பி வழியே போய்விடும். எர்த் கம்பி அறுந்திருந்தால் தொடும் ஆளின் உடல் வழியே போகும். “ரப்பர் மிதியடி போட்டுவிட்டோம், இப்போது அடிக்கவில்லை” என்பது தீர்வாகாது, அது அறிகுறியை மறைப்பது மட்டுமே. எர்த் அறுந்த அதே இயந்திரத்தில் நாளை ஒரு ஃபேஸ் பாடியில் பட்டால் அடி சுருக்கென்பதோடு நிற்காது.

மின்சாரத்தைத் துண்டித்து, இயந்திரத்தின் எர்த் முனையிலிருந்து எர்த் பார் வரை அளந்து பாருங்கள். 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் ஓடினாலும் 0.04 ஓம் அளவுதான் வர வேண்டும். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 ஓம் போகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ஓம், இரண்டு ஓம் என்று வந்தால் தளர்ந்த லக், துருப்பிடித்த ஜாயிண்ட், அல்லது எர்த் கம்பியாகக் கருதப்படும் வெறும் இரும்புக் குழாய். 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நிலையான மோட்டார், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் உலோகச் சட்டத்துக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மின்பாதுகாப்பு விதி. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும் என்பதற்காகவே அது. அந்த இரண்டாவது பட்டை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பல பட்டறைகளில் பதில் வராது.

அறிகுறி: ஃபேஸ் பாடியில் பட்டும் பிரேக்கர் விழவில்லை

இதில்தான் உயிர் போகிறது, ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

“அண்ணா, ஸ்டார் பாயிண்டுக்குத் தனிக் குழி, இயந்திரத்துக்குத் தனிக் குழி, உப்பும் கரியும் போட்டுத் தோண்டிக் கொடுத்துவிட்டோமே, பிறகு எப்படி பிரேக்கர் விழாமல் இருக்கும்?” என்று உதவிக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழுது மின்னோட்டம் பூமிக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. அது புறப்பட்ட ஸ்டார் பாயிண்டுக்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி மண்ணாக இருந்தால் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவோம்.

இரண்டு குழிகளும் ஒவ்வொன்றும் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் மண்ணுக்கு அது மோசமான அளவல்ல. லால்பாக்கில் தலை நீட்டி நிற்கும் அதே பாறைதான் ஊரின் பல பகுதிகளில் செம்மண்ணுக்குக் கீழே படுத்திருக்கிறது, சில அடி தோண்டினாலே கடப்பாரை முட்டும். 277 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 27.7 ஆம்பியர். 30 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் 480 பக்கத்துக்கு 40 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருப்போம். 27.7 ஆம்பியர் அதற்கு ஒரு சாதாரணச் சுமை. நாள் முழுக்க ஓடினாலும் விழாது. அந்த நேரம் முழுவதும் இயந்திரத்தின் பாடியில் 138 வோல்ட் நிற்கும். பக்கத்தில் இரும்புத் தூணில் கை வைத்தபடி ஒருவர் அதைத் தொட்டால் என்னாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இப்போது ஸ்டார் பாயிண்டையும் இயந்திர பாடியையும் செம்புக் கம்பியால் நேராக இணையுங்கள். டிரான்ஸ்பார்மரின் உள் மின்தடையும் கேபிள்களும் சேர்ந்து மின்னோட்டம் போய்வரும் வழி முழுவதும் 0.4 ஓம் என்றால் சுமார் 690 ஆம்பியர் பாயும். 40 ஆம்பியர் ‘சி’ வகை பிரேக்கர் 400 ஆம்பியருக்குள் கண்டிப்பாக உடனே விழும். மண் அதே மண், குழி அதே குழி, கம்பி ஒன்று மட்டும் கூடியிருக்கிறது.

பிரேக்கரை விழச் செய்வது குழி அல்ல, கம்பி. குழிக்கு வேறு வேலை இருக்கிறது: மின்னல், மேல்நிலை லைனிலிருந்து வரும் திடீர் அதிவோல்ட், சுற்றிலும் உள்ள தரைக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் ஏறாமல் பார்த்துக்கொள்வது. எனவே குழியையும் விடக் கூடாது. நியூட்ரலுக்குக் குறைந்தது இரண்டு எர்த் மின்முனைகள் வேண்டும். குழியின் அளவு, ஆழம், இடைவெளி பற்றி எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 விரிவாகச் சொல்கிறது. ஆனால் குழிகளை மட்டும் நம்பிப் படுத்து உறங்கக் கூடாது.

இதோடு சேர்ந்தது ‘சி.என்.சி.க்குத் (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் இயந்திரம்) தனி எர்த்’ என்னும் பழக்கம். மின்னணுப் பலகைகளுக்குச் சுத்தமான எர்த் வேண்டும் என்று இயந்திரம் விற்பவர் கேட்பார். உடனே ஒரு குழி தோண்டி, அதை மற்ற எதனுடனும் சேர்க்காமல் இயந்திரத்துக்கு மட்டும் கொடுத்துவிடுவார்கள். மேலே போட்ட கணக்கு அப்படியே இங்கே பொருந்தும்: திரும்பும் வழி மண். போதாதற்கு ஏப்ரல், மே மாத இடிமழையில் பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு குழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வோல்ட் வேறுபாடு வரும், அது போய் முட்டுவது அந்த விலையுயர்ந்த பலகையில்தான். தனிக் குழி வேண்டுமானால் தோண்டுங்கள், ஆனால் அதைப் பொது எர்த் பாரோடு செம்பால் இணைத்துவிடுங்கள்.

415 பக்கத்தில் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதே, அது காப்பாற்றாதா? காப்பாற்றாது. சுற்றுகள் பிரிந்திருப்பதால் 480 பக்கத்துக் கசிவு அதன் கண்ணில் படாது. வேண்டுமானால் 480 பக்கத்தில் தனியாக எர்த் கசிவு ரிலே போட வேண்டும். டிரைவ் இருக்கும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் நிற்காது, அதன் இயல்பான கசிவுக்கே விழுந்துகொண்டிருக்கும். அதிக அளவுள்ளதாக, டிரைவுக்கு ஏற்ற வகையாகத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: டிரைவ் எர்த் பழுது காட்டி நிற்கிறது, அல்லது உள்ளே ஏதோ வெடித்துக் கருகியிருக்கிறது

டிரைவின் முகப்பில் அதிவோல்ட்டை விழுங்கும் வேரிஸ்டர்கள் இருக்கும். பல டிரைவ்களில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே இருப்பவை 277 வோல்ட் என்ற எண்ணத்தில் போடப்பட்டவை. மிதக்கும் சுற்றில் ஒரு ஃபேஸ் பாடியைத் தொட்டவுடன் அவை 480 தாங்க வேண்டும். விட்டுவிட்டுப் பொறி பறக்கும் பழுதாக இருந்தால் வோல்ட் இன்னும் மேலே ஏறும். வேரிஸ்டர் வெடிப்பது அப்போதுதான். புதிய டிரைவ் வாங்கி அதே மிதக்கும் சுற்றில் போட்டால் அதற்கும் அதே கதிதான். முதலில் ஸ்டார் பாயிண்ட், பிறகு டிரைவ்.

பல டிரைவ்களில் இந்த வேரிஸ்டர்களையும் வடிகட்டி மின்தேக்கிகளையும் எர்த்திலிருந்து பிரிக்க ஒரு திருகு இருக்கும். மிதக்கும் சுற்றுக்காக அதைக் கழற்றியிருந்தால், ஸ்டார் பாயிண்டைக் கட்டிய பின் கையேட்டைப் பார்த்துத் திரும்ப மாட்டுங்கள். மறந்துவிட்டால் பக்கத்து சென்சார்கள் எல்லாம் இரைச்சலில் குழம்பும்.

அறிகுறி: பழுது ஏதுமில்லை, ஆனாலும் எர்த் கம்பியில் ஆம்பியர் ஓடுகிறது

கிளாம்ப் மீட்டரில் சில மில்லி ஆம்பியர் வந்தால் அது வடிகட்டிக் கசிவு, இயல்பானது. இரண்டு, மூன்று ஆம்பியர் என்றால் நியூட்ரல் எங்கோ இரண்டாவது முறையாக எர்த்தில் கட்டப்பட்டிருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் ஒருவர் கட்டியிருப்பார், பேனலில் இன்னொருவர் ‘பாதுகாப்புக்காக’ மறுபடி கட்டியிருப்பார். நியூட்ரல் மின்னோட்டம் இரண்டு வழியாகவும் பிரிந்து ஓடுகிறது. தகவல் தொடர்புக் கோளாறு, திரையில் கோடு, அளவு தாவுதல் எல்லாம் இதோடு வரும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அகற்றுங்கள். இயந்திரத்துக்குள் நியூட்ரல் பாரும் எர்த் பாரும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

அறிகுறி: டிரான்ஸ்பார்மரைப் போட்டவுடன் 415 பக்க பிரேக்கர் விழுகிறது

இதை எர்த் பழுது என்று எண்ணிக் குழியைத் தோண்ட ஆரம்பிக்க வேண்டாம். வெற்று டிரான்ஸ்பார்மரே முதல் சில சுழற்சிகளில் முழுச் சுமையைப் போல் பத்து மடங்கு வரை இழுக்கும். 30 கே.வி.ஏ. என்றால் 42 ஆம்பியர் இயல்பு, எனவே 400ஐத் தாண்டும். 63 ஆம்பியர் ‘சி’ வகை சில முறை விழும், சில முறை நிற்கும். தொடக்க இழுப்பை இன்னும் அதிகம் தாங்கும் ‘டி’ வகைக்கு மாறினால் போதும். விழுவது ஆர்.சி.சி.பி. என்றால் மட்டும் மெகர் எடுத்து, முதல் சுற்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே காப்பைப் பாருங்கள்.

அறிகுறி: சுமை இல்லாமலே டிரான்ஸ்பார்மர் சூடாகிறது, உறுமுகிறது

திருப்பிப் போட்ட டிரான்ஸ்பார்மரா என்று பாருங்கள். 415 பக்கம் ஸ்டார், 480 பக்கம் டெல்டா, ஸ்டார் பாயிண்ட் மின்வாரிய நியூட்ரலோடு இணைப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பகுதியின் ஃபேஸ் சமமின்மையை எல்லாம் நம் டிரான்ஸ்பார்மர் சுமக்கத் தொடங்கும். உள்வரும் பக்கத்து ஸ்டார் பாயிண்டை நியூட்ரலிலிருந்தும் எர்த்திலிருந்தும் பிரித்துக் காப்பிட்டு மூடுங்கள். எர்த் செய்ய வேண்டிய ஸ்டார் பாயிண்ட் வெளியேறும் பக்கத்தது மட்டுமே.

அறிகுறி: 240 வோல்ட் கான்டாக்டர் காயில், பேனல் விளக்கு, மின்விசிறி அடிக்கடி கருகுகின்றன

ஸ்டார் பாயிண்டைக் கட்டியபின் யாரோ அதை வீட்டு நியூட்ரல் போல எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 480 ஸ்டாரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 277. இவற்றுக்குத் தனிக் கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் போடுங்கள், அல்லது 415 பக்கத்திலிருந்து எடுங்கள்.

வேலை முடிந்தபின் சில அளவுகளைப் பேனல் கதவின் உட்புறம் தேதியோடு எழுதி ஒட்டிவையுங்கள்: ஃபேஸ்-ஃபேஸ், ஃபேஸ்-பாடி வோல்ட், ஸ்டார் பாயிண்டிலிருந்து பாடி வரை ஓம், பழுது மின்னோட்டம் போய்வரும் வழி முழுவதன் மின்தடை, ஒவ்வொரு குழியின் ஓம். குழிகளை மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மழைக்குப் பிறகு வரும் அளவு ஏமாற்றும். ஸ்டார் பாயிண்ட் இணைப்பின் போல்ட்டை ஆண்டுக்கு ஒரு முறை, மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, சாவி போட்டு இறுக்கிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் அதிர்வில் முதலில் தளர்வது அதுதான், தளர்ந்தாலும் இயந்திரம் வழக்கம்போல் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது.